உயர்தர வகுப்பில் மனம் விட்டுப்போவது ஏன்? யாழ்ப்பாணத்து மாணவர்களின் ஊக்கம் பற்றிச் சில விளக்கங்கள்

பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகிச் சில நாட்களிலேயே யாழ்ப்பாணத்துச் சந்திகளில் பதாகைகள் ஏறிவிடும். பாடசாலை வாசலில் ஒன்று, ரியூசன் நிலையத்து மதிலில் இன்னொன்று. 3 ஏ (மூன்று பாடத்திலும் ஏ), மாவட்ட நிலை, மருத்துவ பீடம், பொறியியல் பீடம். அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டுக்கு அந்தப் புகழ் தகும். இங்கே நான் பேச வருவது படம் போடப்படாத பிள்ளைகளைப் பற்றி. 12ஆம் தரத்தில் புதுக் கொப்பிகளோடும் நிறைய ஆசையோடும் வந்து சேர்ந்து, ஒரு வருடம் போவதற்குள் புத்தகத்தைத் திறக்கவே மனமில்லாமல் போகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். பெற்றோர் வந்து, "இவனுக்குப் படிக்கிற எண்ணமே இல்லை சேர், எந்த நேரமும் போனோடதான்" என்கிறார்கள். அதற்கு அடுத்து வருவது பெரும்பாலும் இதுதான்: "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள்."

அதை நான் மதிக்கிறேன். 1990களின் முதல் பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் விலை எட்ட முடியாத உயரத்தில் இருந்தது. போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பஞ்சில் திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் இணைந்த கணிதம் செய்து பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று எங்களிடையே ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோதும் படிப்பைக் கைவிடாதவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு தப்பிவிடுகிறது. படித்தால் வாழ்க்கை மாறும் என்பதில் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இன்றைய பிள்ளை, பட்டம் பெற்றவர்கள் 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் வேலை கேட்டு உட்கார்ந்திருந்ததைக் கேள்விப்பட்டு வளர்ந்தது. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திப் பிரான்சுக்குப் போன மச்சான் இரண்டு மாடி வீடு கட்டியதையும் அதே பிள்ளைதான் பார்த்தது. "படிச்சு என்ன செய்யிறது?" என்று அது கேட்டால், அதில் திமிர் இல்லை. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

சரி, ஊக்கம் என்பது எப்படி இயங்குகிறது?

கல்வி உளவியலில் இதற்கு ஒரு எளிமையான, பயனுள்ள விளக்கம் இருக்கிறது. ஜாக்குலின் எக்கில்ஸ், அலன் விக்ஃபீல்ட் என்ற ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த 'எதிர்பார்ப்பு - மதிப்பு' கோட்பாடு அது. ஒரு மாணவன் ஒரு வேலையில் இறங்குமுன், தனக்கே தெரியாமல் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறான். என்னால் இது முடியுமா? முடிந்தால் அதனால் எனக்கு ஏதாவது உண்டா? இந்த இரண்டு விடைகளும் சேர்ந்தால்தான் ஊக்கம். சேர்வது என்றால் கூட்டலைப் போல இல்லை, பெருக்கலைப் போல என்று விளக்குவார்கள். ஒன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மற்றது பூச்சியமானால் விடை பூச்சியம்தான்.

யாழ்ப்பாணத்தில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆட்களுக்குக் குறையே வந்ததில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய மண் இது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்ததை இன்றும் ஒரு சாவீட்டைப் போல நினைவில் வைத்திருக்கும் ஊர் இது. இங்கே பிறந்த பிள்ளைக்குக் கல்வியின் அருமையை யாரும் புதிதாக எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். காலைக் கூட்டத்தில் அதிபர் சொல்கிறார், ஊக்குவிப்புக் கருத்தரங்குக்கு வந்தவர் சொல்கிறார், வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் பெரியப்பா சொல்கிறார். பிள்ளைக்குள் உடைந்து கிடப்பது முதலாவது கேள்வி. என்னால் முடியுமா? அதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. முடியாது என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்ட பிள்ளையிடம், இது எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று மேலும் மேலும் சொன்னால், அதற்கு ஊக்கம் கூடாது. பயம்தான் கூடும். பயம் கூடினால் புத்தகத்தின் பக்கமே போகாது. போன் இருக்கிற பக்கம் போகும்.

முதல் தவணை

முதலாவது கேள்வி உடைவது பெரும்பாலும் 12ஆம் தரத்தின் முதல் இரண்டு தவணைகளில்தான். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் ஒரே பாடம். உயர்தரத்தில் அது பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என்று மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனி மலையாக நிற்கிறது. கணிதத்தில் இருந்து இணைந்த கணிதத்துக்குப் போகும் தூரம் இன்னும் கூட. 9 ஏ எடுத்து, ஊர்ச் சனசமூக நிலையத்தில் பரிசும் வாங்கிய பிள்ளைக்கு முதல் தவணைப் பரீட்சையில் இணைந்த கணிதத்தில் 28 வருகிறது. பதினொரு வருடப் படிப்பில் அது சிவப்புப் பேனாவால் எழுதிய புள்ளியையே கண்டதில்லை. இது எல்லோருக்கும் நடக்கிற ஒன்று, பாடத்திட்டத்தின் உயரம் அப்படி, அடுத்த வருடம் இதே கேள்வியை நீ பத்து நிமிடத்தில் செய்வாய் என்று அந்த நேரத்தில் சொல்ல ஒருவர் இருந்தால் நிலைமை வேறு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் இல்லை. வீட்டில் காட்டவும் பயம். நான் உண்மையில் கெட்டிக்காரன் இல்லை, இவ்வளவு காலமும் ஏதோ தப்பிவிட்டேன் என்று பிள்ளை தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது.

உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இந்த இடத்தில் மிகவும் உதவும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று அவர் ஆராய்ந்தார். எல்லாவற்றிலும் பலமானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது. பிறர் வாயால் சொல்லி ஊக்குவிப்பது இவற்றை விடப் பலம் குறைந்தது. உடலின் நிலைக்கும், அதாவது களைப்புக்கும் பதற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு என்றார். எங்களுடைய ஏற்பாடுகளைப் பாருங்கள். பேச்சில் நிறையச் செலவழிக்கிறோம். செய்து முடிக்கும் அனுபவத்துக்கு இடமே வைப்பதில்லை.

ரியூசன் வகுப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். பெரிய கொட்டகை, வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒலிவாங்கியில் சேர். அவர் திறமாகத்தான் படிப்பிப்பார். கரும்பலகையில் கணக்கை அவர் செய்யும்போது எல்லோருக்கும் விளங்கும். வீட்டுக்கு வந்து தனியாக இருந்து செய்யப் போனால் முதல் வரிக்கு மேல் ஓடாது. பிறர் செய்வதைப் பார்த்து விளங்குவது வேறு, தான் செய்வது வேறு. இரண்டாவதுக்கு நேரம் வேண்டும். காலையில் பாடசாலை, பின்னேரம் ஒரு வகுப்பு, இரவு இன்னொன்று, சனி ஞாயிறு முழு நாளும் வகுப்பு என்று ஓடுகிற பிள்ளைக்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது? ரியூசனை நான் குறை சொல்லவில்லை. பாடசாலையில் ஆசிரியர் இல்லாத இடங்களில் அது இல்லாவிட்டால் பிள்ளைகள் தெருவில்தான் நிற்பார்கள். ஆனால் கிழமையில் மூன்று பின்னேரமாவது எந்த வகுப்பும் இல்லாமல் பிள்ளை தானாக இருந்து கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்படி ஒரு கணக்குத் தன் கையால் வந்துவிட்டால், பத்துக் கருத்தரங்கு தராததை அது தரும்.

பதாகையைப் பற்றியும் பண்டூரா சொன்னதிலிருந்து ஒன்று விளங்கும். "தன்னைப் போன்ற ஒருவர்" என்பதுதான் முக்கியம். மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பார்த்து, 28 எடுத்த பிள்ளைக்கு நம்பிக்கை வராது. அது வேறு ஆள் என்றுதான் தோன்றும். முதல் தடவை இரண்டு பாடத்தில் எஸ் (சாதாரண சித்தி) மட்டும் எடுத்து, வீட்டில் முகம் கொடுக்க முடியாமல் இருந்து, இரண்டாம் தடவையில் பிசிக்சில் பி எடுத்த அக்கா ஒருத்தி வகுப்பில் வந்து அரை மணித்தியாலம் கதைத்தால் பயன் அதிகம். எந்த மாதத்தில் விழுந்தாள், எந்தப் பாட அலகில் பிடித்து எழும்பினாள், ஒரு நாளில் எத்தனை கேள்வி செய்தாள் என்று அவளால் சொல்ல முடியும். அப்படிப்பட்டவர்கள் எல்லாப் பாடசாலைக்கும் பழைய மாணவர்களாக இருக்கிறார்கள். அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

படிக்கிற முறையும் இதோடு சேர்ந்ததுதான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த பரிசோதனையில், ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் தங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று நம்பினார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு பார்த்தால், புத்தகத்தை மூடிவைத்துத் தங்களையே சோதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் கூடுதலாக ஞாபகம் இருந்தது. எங்கள் பிள்ளைகள் நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். நிறப் பேனாவால் கோடிடுகிறார்கள். கடந்தகால வினாத்தாளைக் கூடப் புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "பார்க்கிறார்கள்". இது உழைப்புத்தான், நிறைய உழைப்பு. ஆனால் பரீட்சை மண்டபத்தில் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்களைச் செய்ய வேண்டி வரும்போது இந்த உழைப்பு கைகொடுக்காது. இவ்வளவு படித்தும் வரவில்லையே, அப்போ எனக்கு மூளை இல்லை என்ற முடிவுக்குப் பிள்ளை வருவது அங்கிருந்துதான். குறை முறையில் இருந்தது. பிள்ளை அதைத் தன் மேல் போட்டுக்கொள்கிறது.

நித்திரையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதினருக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. இரவு வகுப்பு முடிந்து வந்து சாப்பிட்டு, விடியப்புறம் 4 மணிக்கு எழும்பும் பிள்ளைக்கு அதில் பாதிதான் கிடைக்கும்.

ஓடிக்கொண்டே இருக்கும் கோடு

பரீட்சையின் அமைப்பும் மனதைத் தளர்த்துகிறது. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையில் நடக்கிறது. நீ எத்தனை எடுத்தாய் என்பதோடு அது நிற்பதில்லை. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து நீ எவ்வளவு விலகி நிற்கிறாய் என்பதைத்தான் அது அளக்கிறது. பாடங்களுக்கிடையே நியாயமாக ஒப்பிடுவதற்கு அது தேவை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், இத்தனை எடுத்தால் போதும் என்று சொல்ல ஒரு கோடு இல்லை. அதோடு அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அண்மைய ஆண்டுகளில் நாடு முழுக்க ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பல்கலைக்கழகத் தகுதி பெற, உள்ளே போகிறவர்கள் 40 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டுகிறார்கள். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே வெற்றி என்று ஒரு ஊர் வைத்துக்கொண்டால், அந்த ஊரின் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தோல்வி முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. தங்கள் இடம் எது என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். முடியாத இலக்குக்காக உழைக்காமல் விடுவதைச் சோம்பல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காத்திருப்பு இன்னொரு பாரம். முன்பெல்லாம் உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட்டில் வரும். கொரோனாவும் அதற்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடியும் அந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டன. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு வந்தது செப்டெம்பரில். 2024 நவம்பரில் நடந்த பரீட்சை வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டுப் பிறகு தொடர்ந்தது. 19 வயதில் எழுதிய பிள்ளை, பல்கலைக்கழகத்தில் காலடி வைக்க 21 ஆகிறது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுதினால் இன்னும் போகும். அந்தக் காலம் முழுக்க, "மகன் என்ன செய்யிறார்?" என்று சந்திக்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். ஐஸ், ஹெரோயின் போன்ற போதைப்பொருள்கள் எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்திருக்கிற காலத்தில், வெறுமையாக விடப்பட்ட இந்த மாதங்களைப் பற்றி நான் உண்மையிலேயே பயப்படுகிறேன்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தூரமும் இல்லை. யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள். உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. நெடுந்தீவில் இருக்கிற பிள்ளை நகரத்தில் உள்ள வகுப்புக்கு வரக் குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பிள்ளை கலைப்பிரிவைத் தேர்ந்தெடுத்தால், அது விருப்பமா, வேறு வழி இல்லாமலா என்று கேட்கக்கூட யாரும் இல்லை.

யாருடைய ஆசை?

எட்வேர்ட் டெசி, ரிச்சர்ட் றையன் ஆகியோரின் சுயநிர்ணயக் கோட்பாடு, ஊக்கம் உள்ளிருந்து வர மூன்று வேண்டும் என்கிறது: இது என் தெரிவு என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் என்னோடு இருக்கிறார்கள் என்ற உணர்வு. நடுவில் உள்ளதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன். முதலாவது எங்கள் வீடுகளில் அரிது.

"அம்மா, நான் ஆர்ட்ஸ் படிக்கட்டே?"

"உனக்கென்ன விசரே? 9 ஏ எடுத்துப்போட்டு ஆர்ட்ஸோ? சனம் என்ன கதைக்கும்?"

இந்த உரையாடல் எத்தனை குசினிகளில் நடந்திருக்கும். அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுடைய பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது, தமிழ் மொழிமூலம் எழுதியவர்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகக் கூடுதலான புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. வேலைக்கும் மதிப்புக்கும் பல்கலைக்கழகத்தையே நம்பியிருந்த ஒரு சமூகத்தின் கதவு கண்ணெதிரே சாத்தப்பட்டது. அதன் பின் வந்த யுத்தத்தில் வீடு போனது, காணி போனது, நகை போனது. யாராலும் பறிக்க முடியாதது படிப்பு ஒன்றுதான் என்று அந்தத் தலைமுறை முடிவுக்கு வந்தது. டொக்டர், இஞ்சினியர் என்று அவர்கள் சொல்லும்போது, பிள்ளை இனிப் பாதுகாப்பாக இருக்கும் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தேடும் பயம் பிள்ளைக்குக் கட்டளையாகத்தான் கேட்கிறது. பயோ படிக்கச் சொல்லிச் சேர்த்துவிடப்பட்ட பிள்ளை குருதிச் சுற்றோட்டத்தைப் பாடமாக்கும்போது, அது அம்மாவின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

பரிசு காட்டி இழுப்பதும் இந்த ரகம்தான். 3 ஏ எடுத்தால் மோட்டார் சைக்கிள், கனடா மாமாவிடமிருந்து ஐபோன். 1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகியோர் செய்த பரிசோதனையில், படம் கீறுவதை விரும்பிய சிறுவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீறினால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பிறகு பார்த்தால், பரிசு பேசப்பட்டவர்கள் மற்றவர்களை விட ஏறத்தாழப் பாதி நேரமே கீறினார்கள். அவர்கள் பாலர் பள்ளிப் பிள்ளைகள், பதினெட்டு வயதினர் இல்லை என்பது உண்மை. ஆனாலும், ஏற்கெனவே பிடித்த ஒன்றுக்கு விலை பேசினால் பிடிப்புக் குறையலாம் என்பதை வீட்டில் ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

மற்றப் பாதைகளைப் பற்றி நாங்கள் பேசும் விதமும் மாற வேண்டும். 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் யாழ்ப்பாணத்தில் டிப்ளோமா கற்கைகளை நடத்துகிறது. ஆசிரியராக விரும்புகிறவர்களுக்குக் கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி. கிளிநொச்சி அறிவியல் நகரில், பொறியியல் பீடம் இருக்கிற அதே இடத்தில், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இவற்றை "கம்பஸ் கிடைக்காட்டிப் பார்ப்பம்" என்று தொடங்கித்தான் நாங்கள் சொல்கிறோம். அப்படிச் சொன்ன கணமே, அங்கே போகிற பிள்ளை தோற்றுப்போனவனாகத்தான் உள்ளே நுழைகிறான். இயந்திரத்தில் கை வைத்தால் நேரம் போவதே தெரியாத பெடியனுக்கு, 11ஆம் தரத்திலேயே அந்த இடங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினால், அவன் முதல் தெரிவாக அதை எடுக்கக்கூடும்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதங்கள் இருக்கின்றன. ரியூசன் நிலையங்கள் அடுத்த கிழமையே தியரி தொடங்கிவிடுகின்றன. அந்தக் காலத்தில் மூன்று கிழமையைப் பாடசாலைகள் எடுத்துக்கொள்ளலாம். மட்ஸ், பயோ, கொமர்ஸ், ஆர்ட்ஸ், டெக் என்று ஒவ்வொரு பிரிவிலும் சில நாள் உண்மையான பாடத்தில் இருத்தி, ஒரு உண்மையான கேள்வியைச் செய்யவைத்து, அதன் பிறகு பிரிவைத் தெரியச் சொல்லலாம். பெற்றோரையும் ஒரு நாள் கூப்பிட்டு, முதல் தவணைப் புள்ளிகள் இப்படித்தான் வரும், ஏசாதேங்கோ என்று முன்கூட்டியே சொல்லலாம். முதல் தவணைப் பரீட்சையில் 40க்குக் கீழே எடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும், அடுத்த இரண்டு கிழமைக்குள் அதே வினாத்தாளில் இரண்டு கேள்வியை ஓர் ஆசிரியரோ 13ஆம் தர மாணவரோ பக்கத்தில் இருந்து முழுமையாகச் செய்யவைக்கலாம். இதற்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டுக் காசோ தேவையில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு வகுப்பறை திறந்திருந்தால் போதும்.